சம்பந்தி வீட்டுக் கார்

போன ஞாயிற்றுக்கிழமை கோட்டுச்சேரியில் ஒரு காதுகுத்து. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் என் காரை ஓரங்கட்டிக்கொண்டிருந்தேன். காரைக்காலில் இருந்து வந்த பஸ் நின்றது. அதிலிருந்து என் பெரியப்பா மகன் செல்வராசு அண்ணன் இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் சீர்ப்பை. பின்னாலேயே அண்ணி, கசங்கிப்போன பட்டுப்புடவையை நீவி விட்டபடி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் கார் வாங்கியிருக்கிறார். நான் சில மாதங்கள் சென்னையில் மகன் வீட்டில் இருந்தபோது போனில் சொன்னார். அவருடைய முதல் கார். சம்பந்தியிடமிருந்து வாங்கினேன் என்று சொன்னபோது குரலில் அப்படி ஒரு பெருமை! அதை வீட்டில் வைத்துவிட்டு, சுரக்குடியில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவானேன்?

கேட்டேன். வெயிலில் வண்டியை எதற்கு வெளியே எடுப்பது என்று விட்டுவிட்டாராம். வெயிலுக்குப் பயந்து காரை வீட்டில் வைத்துவிட்டு பஸ்ஸில் வந்த மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மண்டப வாசலில் அந்தச் சம்பந்தியே நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். கலியபெருமாள் சார். அண்ணன் மகள் திவ்யாவின் மாமனார். அரசு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய மகள் வயிற்றுப் பேரனுக்குத்தான் காதுகுத்து. அண்ணனைப் பார்த்ததும் தோளில் கை போட்டார். நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்.

"வாங்க சம்பந்தி. வண்டியிலதான வந்தீங்க? எப்படிப் போவுது நம்ம வண்டி?"

"ராஜா மாதிரி போவுதுங்க. அந்தாண்ட நிழல்ல நிறுத்திருக்கேன்" என்றார் அண்ணன்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லாதவர் யார்? நானும் சொல்லியிருக்கிறேன், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அண்ணன் காப்பாற்றியது தன் மானத்தை அல்ல என்பது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

கதைக்குப் போகும் முன் ஒரு வார்த்தை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். உறவுமுறையையும் கொஞ்சம் கலைத்துப் போட்டிருக்கிறேன். காரை மட்டும் மாற்றவில்லை. ஏனென்றால் அதே மாடல் காரைத்தான் நானும் ஓட்டுகிறேன்.

சின்ன டீசல் கார். இப்போது உற்பத்தியே இல்லை. புதுச்சேரியைச் சேர்ந்த எங்கள் காரைக்காலில் டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் குறைவு என்பதால் ஒரு காலத்தில் வீதிக்கு ஒன்று நின்றது. அளவான கார், சந்துக்குள் திரும்பும், ஏசி நன்றாக வேலை செய்யும். எல்லாம் சரி. எஞ்சினுக்குள்ளே மட்டும் ஒரு வினை.

டைமிங் செயின் என்று ஒன்று இருக்கிறது. எஞ்சினின் மேல் பாதியையும் கீழ் பாதியையும் ஒழுங்காகச் சேர்ந்து சுற்ற வைக்கும் சங்கிலி. இந்த மாடலில் அது சீக்கிரமே தளர்ந்துவிடும். தளர்ந்தால், காலையில் முதல் ஸ்டார்ட்டில் தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம்தான். எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். அப்புறம் நாள் முழுக்க ஒன்றுமே தெரியாது, பச்சைப் பிள்ளை மாதிரி ஓடும். ஒருநாள் அந்தச் செயின் அறுந்தால்... எஞ்சினே காலி.

சத்தம் வந்ததும் செயினை மாற்றியவர்கள் தப்பித்தோம். நானும் அதில் ஒருத்தி. மாற்றாதவர்கள் நடுரோட்டில் நின்றார்கள்.

இந்தக் காருக்கு எங்கள் பக்கம் ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. காரைக்கால், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஓனர்கள் எல்லாம் அதில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சில பேர் பீச் ரோட்டில் வரிசையாக வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு துக்கம் விசாரிப்பார்கள். கருக்களாச்சேரியில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் தன் எஞ்சின் சத்தத்தை ரெக்கார்ட் செய்து போடுவார். உடனே நாலு பேர், இதேதான் எனக்கும், இதேதான் எனக்கும் என்பார்கள். நோயாளிகளுக்குள் ஒரு பாசம் வருமே, அப்படி ஒரு பாசம்.

அந்த குரூப்பிலேயே அதிகமாகக் கொதித்தவர் யார் தெரியுமா? கலியபெருமாள் சார்தான்.

அவர் வாய்ஸ் மெசேஜ் போட்டால் ஒரு கச்சேரி கேட்கிற நேரம் ஆகும். சர்வீஸ் சென்டரில் போய்ச் சத்தத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். வண்டியில் கோளாறு இல்லை, நீங்கள் ஓட்டுகிற முறையில்தான் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மனிதர் வருஷக்கணக்காக ஆடித் தீர்த்தார். தெரிந்தே விற்கிறார்கள், மனசாட்சி இல்லாதவர்கள், நம்பி வந்தவன் கழுத்தை அறுக்கிறார்கள், கோர்ட்டுக்குப் போக வேண்டும்... கைதட்டல் பொம்மைகளாக வந்து குவியும். நானும் தட்டியிருக்கிறேன். நியாயமான கோபம்தானே?

அந்த குரூப்பில் இன்னொன்றும் உண்டு. எழுதி ஒட்டிய விதி. அட்மின் அதை மேலேயே பின் செய்து வைத்திருக்கிறார். 'செயின் விஷயத்தை வெளியில் பேச வேண்டாம். ஃபேஸ்புக்கில் போட வேண்டாம். நம் வண்டியின் ரீசேல் வேல்யூ அடிபடும்.'

கவனித்தீர்களா? கம்பெனி நம்மிடம் மறைத்துவிட்டது என்று உள்ளே கத்துவோம். அதையே வெளியில் மூச்சு விட மாட்டோம். அடுத்து வாங்கப் போகிறவன் நம்மைப் போலவே நம்பி வர வேண்டுமே!

யாராவது வண்டியை விற்றுவிட்டால் குரூப்பில் கொண்டாட்டம்தான். கேக் படம், பட்டாசுப் படம். தப்பிச்சீங்க சார் என்பார் ஒருவர். யார் தலையில கட்டுனீங்க என்று கேட்பார் இன்னொருவர். விற்றவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியேறிவிடுவார். கலியபெருமாள் சாரும் அப்படித்தான் ஒருநாள் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுக்கும் திட்டம் அத்தோடு முடிந்தது. நான் அப்போது சென்னையில் இருந்தேன். கேக் படத்தைப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அண்ணன் கார் வாங்கியதாக எனக்குப் போன் செய்தது அதற்குப் பல நாள் கழித்து. அவர் எந்த மாடல் என்று சொல்லவில்லை. சம்பந்தி வீட்டில் இரண்டு கார் இருந்தது, மகனுடைய புதுசும் இவருடைய பழசும். மகன் காராக இருக்கும் என்று நானே நல்லபடியாக நினைத்துக்கொண்டேன்.

காதுகுத்து முடிந்து சாயங்காலம் அண்ணனையும் அண்ணியையும் என் காரில் ஏற்றிக்கொண்டேன். சம்பந்தியின் கண்ணில் படாமல் ஏற வேண்டும் என்று அண்ணன் பிடிவாதமாக மெயின் ரோடு வரை நடந்து வந்தார். நிழலில் நிற்பதாகச் சொன்ன காரை எடுக்கப் போகிறவர் மாதிரி சாவியைக்கூடக் கையில் சுழற்றிக்கொண்டு வந்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சுரக்குடியில் அவர் வீட்டு வாசலில் இறங்கியதும் பார்த்துவிட்டேன். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், நெல் மூட்டைக்குப் போடும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றது. தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினேன். என் காரின் அண்ணன்காரன். அதே மாடல்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பாதியை அண்ணி சொன்னார்.

அண்ணனுக்குக் கார் ஆசையெல்லாம் கிடையாது. விவசாயி, அவருக்கு மோட்டார் சைக்கிள் போதும். திவ்யாவை நல்ல நாளுக்கு அழைத்து வரப் போகும்போதெல்லாம் பஸ்ஸில்தான் கூட்டி வருவார். ஒரு தடவை அவள் மாமியார், எங்க வீட்டு மருமவ பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போறது நல்லாவா இருக்கு என்று கேட்டுவிட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். அதுதான் அண்ணனுக்குத் தைத்தது. மகளை மரியாதையாக அழைத்து வர ஒரு பழைய கார் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்.

விஷயம் சம்பந்தி காதுக்குப் போனது. விருந்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாராம். வெளியில் போய் யாரிடமாவது ஏமாறாதீர்கள், பழைய கார் விற்கிறவன் எல்லாம் திருடன், நம் வண்டியே இருக்கிறது, ஒரே கை ஓட்டிய வண்டி... ஒரே கைதான். பொய் இல்லை.

இந்த அண்ணன் யார் தெரியுமா? மாட்டுச் சந்தையில் இவரை ஏமாற்ற ஒருவர் இனிப் பிறந்துதான் வர வேண்டும். பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், வாலைத் தூக்கிப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். ஊரில் யார் மாடு வாங்கினாலும் இவரைத்தான் கூட்டிப் போவார்கள். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம் இல்லை, முழு விலை. சொன்ன விலை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் பேரம் பேச முடியுமா?

ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று அண்ணி அப்போதே சொல்லியிருக்கிறார். அண்ணன் அவரைச் சத்தம் போட்டிருக்கிறார். சம்பந்தி வீட்டு வாசலில் மெக்கானிக்கோடு போய் நின்றால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி ஆகாதா? அதற்கப்புறம் அந்த வீட்டில் நம் பெண்ணை யார் என்ன சொல்வார்களோ?

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி இது. ஆயிரம் பேர் ஏமாறலாம், ஆனால் மரியாதைக்காக ஏமாறுகிறவன் டெல்டாக்காரன்தான்.

வண்டியைச் சம்பந்தியே ஓட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். கோட்டுச்சேரியில் இருந்து சுரக்குடி வரை ஓடி வந்த வண்டி. எஞ்சின் நன்றாகச் சூடாக இருந்திருக்கும், சத்தம் எங்கிருந்து வரும்? பிள்ளையார் கோயிலில் மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சாவியை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தார். அண்ணன் அதைக் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம்.

மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஜல்லி குலுங்கியது. எலி ஏதாவது உள்ளே புகுந்துவிட்டதோ என்று அண்ணன் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறார்! அப்புறம் தினமும் கேட்க ஆரம்பித்ததும் தயங்கித் தயங்கிச் சம்பந்திக்குப் போன் செய்தார். சம்பந்தி என்ன சொன்னார் தெரியுமா?

"எங்கிட்ட இருந்த வரைக்கும் அப்படி வந்ததே இல்லைங்களே. நீங்க ஓட்டுற முறையைக் கொஞ்சம் பாருங்க."

அந்த வாக்கியத்துக்காகத்தானே இந்த மனிதர் வருஷக்கணக்காக எங்கள் காதைக் கிழித்தார்? கம்பெனி அவருக்குச் சொன்ன பதிலை அவர் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, தன் முறை வந்ததும் அப்படியே அடுத்தவனுக்குக் கொடுத்திருக்கிறார். கம்பெனி என்றால் எங்கேயோ கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் நாலு கோட்டு சூட்டு என்று நாம் நினைக்கிறோம். இல்லை ஐயா. வேட்டி கட்டிக்கொண்டு மண்டப வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டும் நிற்கும்.

பொங்கலுக்கு முந்தின நாள் திவ்யாவை அழைத்து வர அண்ணன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திருநள்ளாறு தாண்டிக் கொஞ்ச தூரம்தான். உள்ளே ஏதோ உடைந்த மாதிரி ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது. செயின் அறுந்து, எஞ்சின் உள்ளே எல்லாம் இடித்து நொறுங்கிவிட்டதாக மெக்கானிக் பிறகு சொன்னார். சரி செய்கிற செலவுக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாமாம். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்து கொட்டகைக்குப் பக்கத்தில் விட்டிருக்கிறார்கள்.

சரி, கார் போனால் போகிறது. பஸ்ஸில் போய் மகளைக் கூட்டி வரலாம் இல்லையா?

அங்கேதான் அண்ணன் மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் போனால் வண்டி எங்கே என்று சம்பந்தி கேட்பார். நின்றுவிட்டது என்றால், நான் கொடுத்த வண்டியைக் குறை சொல்கிறாயா என்று ஆகும். அதனால் அவசர வேலை வந்துவிட்டது என்று மகளுக்கு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். மகளை மரியாதையாக அழைத்து வரத்தான் அந்தக் கார். அந்தக் கார் வந்ததால் அவள் பொங்கலுக்கே வரவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. கலியபெருமாள் சாரின் பழைய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் என் போனில் இருக்கிறது, நாளைக்கே போய் அவர் வீட்டுக் கூடத்தில் சத்தமாகப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் பாப்பா. நீ கேட்டுட்டு வந்துடுவ. ராத்திரி சோறு போடுறப்ப அவதான பதில் சொல்லணும்."

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. திவ்யா கல்யாணமாகிப் போனதில் இருந்து அந்த வீட்டில்தானே இருக்கிறாள்? போர்ட்டிகோவில் காலையில் அந்தக் கார் கத்துகிற கத்தல் தெருக்கோடி வரை கேட்குமே. மாமனார் அதைப் பற்றிப் போனில் கொதிப்பதும் அவள் காதில் விழுந்திருக்குமே. அவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று அடுத்த நொடியே தோன்றியது.

அண்ணன் அமைதியாகத்தான் சொன்னார். முன்பணம் கொடுக்கும் முன் மகளுக்குப் போன் செய்தாராம். வண்டி எப்படிம்மா, வாங்கலாமா என்று கேட்டாராம். நல்ல வண்டிதான், வாங்கிக்கங்கப்பா என்றாளாம். அவள் தயங்கவே இல்லையாம். கடைசியில் யாருடைய இருமலோ கேட்டதாம். பக்கத்தில் மாமனார் இருந்திருக்கிறார், போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது என்று அவருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்ததாம்.

மகள் மேல் அவருக்குத் துளி கோபம் இல்லை. பின்னே என்ன சொல்வாள், அங்கதான இருக்கணும் என்றார். அண்ணி எழுந்து காபி போட உள்ளே போனார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிற வாசனை வந்தது. அதைக்கூட அண்ணி கவனிக்கவில்லை போல.

அந்த நேரம் பார்த்து போன் வந்தது. திவ்யாதான். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பேசுவாளாம். ஊர் போய்ச் சேர்ந்தீர்களா என்று விசாரித்தாள். வண்டி சௌகரியமாக இருந்ததா என்றும் கேட்டாள். காலையில் எங்களோடு பந்தியில் நின்று பரிமாறிய பெண், அப்பா பஸ்ஸில் வந்ததை அவள் கவனித்திருக்க மாட்டாளா? இருந்துச்சும்மா என்றார் அண்ணன். நீ எப்படி இருக்கே என்று கேட்டார்.

"நான் நல்லா இருக்கேம்ப்பா."

சட்டென்று, கொஞ்சமும் தயங்காமல். நானும் கேட்டேன்.

பேசி முடித்த பிறகும் அண்ணன் போனைக் கீழே வைக்கவில்லை. இருட்டிய திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"அன்னிக்கி வண்டிய நல்ல வண்டின்னு சொன்னாள்ல பாப்பா... இதே கொரல்லதான் சொன்னா."

எஞ்சின் போனதற்கு அழாத மனிதர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கோட்டுச்சேரிக்குப் போனேன். சொல்லாமல் கொள்ளாமல். காரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டுதான் போனேன். திவ்யாதான் கதவைத் திறந்தாள். எப்படிம்மா இருக்கே என்று கேட்டேன். நல்லா இருக்கேன் அத்தை என்றாள்.

அவளுக்குப் பக்கத்தில் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.